மடுவங்கரை மலையின் பசி

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். மடுவங்கரையில் சுரங்கம் வெட்ட மண் புறப்பட்டது. பழுப்பு நிலக்கரி ஒரு பங்கு என்றால் அதன் தலைமேல் கிடந்த மண் ஏழெட்டுப் பங்கு. தோண்டிய மண்ணை எங்கேயாவது கொட்டித்தானே ஆகவேண்டும்? மேற்கே கெட்டியான செம்பாறைத் தரை இருந்தது. ஆனால் அங்கே அதிகாரிகளின் குடியிருப்பும் அவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் டென்னிஸ் மைதானமும் இருந்தன. கிழக்கே மடுவேரி இருந்தது. வற்றிப்போன ஏரி, கேட்க நாதியில்லாத ஏரி. அங்கேயே கொட்டு என்று சொல்லிவிட்டார்கள்.

தில்லைக்கரசி அப்போதுதான் சரிவுப் பாதுகாப்புப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஏரிக்கு அடியில் இருப்பது களிமண், அதன்மேல் மலையைக் குவிப்பது நனைந்த சோப்பின் மேல் செங்கல் அடுக்குவது மாதிரி, ஒரு நல்ல மழைக்கு மொத்தமும் வழுக்கிவிடும் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். அவள் பேச்சு எடுபட்டிருக்கவும் கூடும். அதற்குள் சுண்ணாம்புப் பூச்சி வந்துவிட்டது.

பூச்சி என்பது ஊர் வைத்த பெயர். அது ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுத்த கிருமி. மண்ணில் கலந்து தீனி போட்டால் தின்றுவிட்டுச் சுண்ணாம்பு கக்கும். அந்தச் சுண்ணாம்பு மண்ணை மண்ணோடு பிடித்து ஒட்டும். சுவர்போல நிமிர்த்திக் கொட்டினாலும் மலை நிற்கும். முதலில் வெல்லப்பாகைக் கரைத்துக் குழாய் வழியாகச் செலுத்தினார்கள். பிறகு யாரோ ஒரு புத்திசாலி, நகரத்தில் ஆடுமாடு வெட்டுகிற ஆடுதொட்டிகளில் சாக்கடைக்குப் போகிற ரத்தம் வெல்லத்தைவிட மலிவு என்று கண்டுபிடித்தான். பூச்சிக்கும் அது பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து டேங்கர் லாரிகளில் ரத்தம் வந்தது.

அந்த லாரிகள் போகிற வழி மடுவங்கரைக் காலனியின் ஒரே தெரு. சுரங்கத்துக்கு ஊரைக் கொடுத்தவர்களை மலையின் அடிவாரத்தில்தான் குடிவைத்திருந்தார்கள், தற்காலிகமாக. நம் நாட்டில் தற்காலிகத்துக்கு இருக்கிற ஆயுசு வேறெதற்கும் கிடையாது. அண்ணாந்து பார்த்தால் வானம் பாதி, மண்மலை பாதி. அந்த மலைக்கு அடியில்தான் அவர்களுடைய மடைவீரன் கோயிலும் புதைந்து கிடந்தது. ஒரு காலத்தில் ஏரிக்கரை உடைத்துக்கொண்டபோது உடைப்பில் படுத்துக்கொண்டு, என்மேல் மண்ணைப் போட்டு அடையுங்கள் என்று சொன்னவனாம் அந்த வீரன். அவன் ரத்தம் விழுந்த இடத்தில் கல் நட்டுக் கும்பிட்டார்கள். அந்த ஊரில் அதுதான் வழக்கம். அடிபட்டோ வெட்டுப்பட்டோ சாகிறவர்களை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யலாம், ஆனால் ரத்தம் விழுந்த இடத்தில் ஒரு கல் நட்டே ஆகவேண்டும்.

தில்லைக்கரசியும் அந்தக் காலனிப் பெண்தான். அவளுடைய அண்ணன் தனகோட்டி இன்னும் அங்கேதான் இருந்தான்.

அந்த ஐப்பசியில் ஒரு ரத்த லாரி, தண்ணீர்க்குடத்தோடு தெருவைக் கடந்த தனகோட்டியின் மனைவி வேதவல்லியை அடித்து, இருபதடி தூரம் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியது. டிரைவர் குதித்து ஓடிவிட்டான். காலனி மொத்தமும் தெருவுக்கு வந்தது. வாடகைக்கு ஐஸ் பெட்டி பிடித்து, ஜெனரேட்டர் வைத்து, வேதவல்லியின் உடலை நடுத்தெருவிலேயே கிடத்தினார்கள். லாரிக்கு வேறு வழி போடு, இல்லையென்றால் பிணத்தை எடுக்கமாட்டோம் என்றார்கள். ஒரு வாரம் ஆயிற்று. ஒரு லாரியும் உள்ளே போகவில்லை. மலைக்குத் தீனி நின்றது.

மலைக்குள் அங்கங்கே செருகியிருந்த உணர்கம்பிகள் தில்லைக்கரசியின் திரைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தன. கெட்டியான இடம் பச்சை, தளர்ந்த இடம் மஞ்சள், நகர்கிற இடம் சிவப்பு. காலனிப் பக்க அடிவாரம் முழுவதும் மஞ்சளாகி, நடுவில் சிவப்பு தலைகாட்டியபோது அவள் நிர்வாகப் பொறுப்பாளர் ஆராவமுதனின் அறைக்கு ஓடினாள்.

"சார், இன்னைக்கே காலனியக் காலி பண்ணணும். கடல்ல புயல் சின்னம் இருக்கு. சாயங்காலம் மழை புடிச்சுதுன்னா அடிவாரம் தாங்காது."

ஆராவமுதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு மேலே இருந்தவர்களுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். பயந்தவர்கள் செய்கிற கெடுதலைக் கெட்டவர்கள்கூடச் செய்வதில்லை.

"காலி பண்ணச் சொன்னா, எடம் தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் மேடம். சுரங்கத்தையே மூடச் சொல்லுவாங்க. அடிவாரத்துக்கு நாலு லாரி ரத்தம் போனாப் போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"லாரி போகணும்னா பொணத்த எடுக்கணும். அவங்க எடுக்க மாட்டாங்க."

"உங்க அண்ணன்தானே முன்னால நிக்கிறாரு? பேசிப் பாருங்க."

போனாள். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் தனகோட்டி தாடியும் சிவந்த கண்ணுமாக உட்கார்ந்திருந்தான். தில்லைக்கரசி அண்ணியின் முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பாதி முகம்தான் இருந்தது. மறுபாதியைத் துணியால் மூடியிருந்தார்கள். அழுதுவிட்டால் பேச முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணா, எல்லாரும் கெளம்புங்க. மலை எறங்கப் போவுது."

கூட்டத்தில் ஒரு கிழவர் சிரித்தார். "இத நாங்க முன்னயே கேட்டிருக்கோம் தாயி. பழைய ஊர்ல இருந்தப்ப, சுரங்கக் கரை சரியப் போவுது, ரெண்டு நாளு பள்ளிக்கூடத்துல தங்குங்கன்னானுவ. திரும்பி வந்து பாத்தா வீடு இருந்த எடத்துல பொக்லைன் நிக்கிது."

அது உண்மை. சூடு கண்ட பூனைகள் அவர்கள். ஆபத்து, எழுந்து ஓடு என்று யாராவது சொன்னால், எழுந்திருக்காமல் இருப்பதுதான் புத்தி என்று அந்த ஊர் படித்து வைத்திருந்தது.

"இது அப்பிடி இல்ல. நான் சொல்றன்."

"நீ யாரு சொல்றதுக்கு?" தனகோட்டி எழுந்தான். "சம்பளம் குடுக்கறவன் வாயி நீ. வேதா செத்தன்னைக்கு வந்து நின்னியா? லாரி நின்னு போச்சின்னு தெரிஞ்சதுக்கு அப்புறந்தான வந்த?"

அவள் வாயைத் திறப்பதற்குள் எங்கிருந்தோ ஒரு கல் வந்து நெற்றியில் பட்டது. ரத்தம் கண்ணில் இறங்கியது. அடுத்த கல்லை ஓங்கியவனைத் தனகோட்டியே பிடித்துத் தள்ளினான். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தங்கையின் நெற்றியில் அழுத்தினான். அழுத்தின அழுத்தலில் அன்பும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது.

"அண்ணா, அந்தப் பூச்சிக்கு ஒரு வாரமா தீனி இல்ல. பசிச்சா என்னா பண்ணும் தெரியுமா? மொதல்ல ஒண்ண ஒண்ணு திங்கும். அதுவும் தீந்துட்டா, தான் கக்குன சுண்ணாம்பையே கரைச்சுத் திங்கும். மலைய ஒட்டவச்சதே அந்தச் சுண்ணாம்புதான். அடிவாரத்துக்கு நாலு லாரி ரத்தம் போனாப் போதும்."

"அடிவாரம் மட்டும் நின்னாப் போதுமா?" என்றான் தனகோட்டி.

"லாரிச் சக்கரத்துக்குக் கட்டை குடுக்கற மாதிரி அண்ணா. கீழ கொஞ்சம் கெட்டிப்பட்டாப் போதும், மேல இருக்கறது நின்னுடும்."

தனகோட்டி மலையைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான். "சரி. உங்க பெரிய ஆபீசர வரச் சொல்லு. வேதா முன்னால கையக் கூப்பி, தப்புதாம்மான்னு ஒரு வார்த்த சொல்லட்டும். பொணத்த எடுத்துடறன். லாரியும் போவட்டும். எனக்குக் காசும் வாணாம், வேலையும் வாணாம்."

இதைவிட மலிவாக ஒரு மலை எங்கேயும் விலைபோயிருக்காது. தில்லைக்கரசி அங்கே நின்றபடியே ஆராவமுதனுக்குப் போன் போட்டாள். வருகிறேன் என்றார். வந்தார். ஆனால் அவருடைய ஜீப்புக்குப் பின்னால் நான்கு ரத்த லாரிகளும், லாரிகளுக்குப் பின்னால் போலீஸ் வண்டிகளும் வந்தன.

"எதுக்கு சார் இவங்க?" என்றாள்.

"ஒரு பாதுகாப்புக்குத்தான் மேடம்" என்றார் ஆராவமுதன். கும்பிடத் தயாராகக் கையைச் சேர்த்துக்கொண்டுதான் ஜீப்பிலிருந்து இறங்கினார். கும்பிட்டும் இருப்பார். ஆனால் கூட்டம் அவருடைய கையைப் பார்க்கவில்லை, அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற தடிகளைப் பார்த்தது.

முதல் கல்லை யார் எறிந்தது என்று விசாரணைக் கமிஷன் பின்னால் மண்டையை உடைத்துக்கொண்டது. அன்றைக்கு உடைந்தது ஆராவமுதனின் மண்டை. கீழே விழுந்தவரைச் சாக்கடை ஓரமாக அடிவாரம்வரை இழுத்துக்கொண்டு போய், இளவட்டங்கள் சிலர் கல்லாலேயே அடித்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று கத்தியபடி ஓடிய தில்லைக்கரசியை யாரோ முழங்கையால் இடித்துத் தள்ளினார்கள். அதற்குள் போலீஸ் புகுந்தது. தடிகள் தலையென்றும் முதுகென்றும் பார்க்காமல் இறங்கின. ஒரு கிழவியின் கை சுள்ளி முறிவதுபோல முறிந்தது. ஐஸ் பெட்டி கவிழ்ந்து, வேதவல்லி இரண்டாம் முறையாகத் தெருவில் விழுந்தாள். தன் மனைவியின் உடல்மேல் யாரும் மிதித்துவிடாதபடி தனகோட்டி குப்புறப் படுத்துக்கொண்டான். அவன் முதுகில் விழுந்த அடிகளை எண்ண ஆளில்லை.

கூட்டம் வேறு வழியில்லாமல் தெருவின் கீழ்ப்பக்கம், மலையடிவாரத்தை நோக்கி ஓடியது. ஓடிய கூட்டத்தைப் பார்த்துத்தான் சுட்டார்கள்.

வெடிச்சத்தம் மலையில் பட்டுத் திரும்பிவந்தபோது, அதோடு வேறொரு சத்தமும் வந்தது. அடித்தொண்டையில் உறுமுவது போன்ற சத்தம். மலையின் நெற்றியில் ஒரு கோடு விழுந்து, கண்ணெதிரே வாயாகத் திறந்தது. தில்லைக்கரசியின் கையிலிருந்த போன் திரையில் மலை முழுக்கச் சிவப்பு. போலீஸ்காரர்களும் அப்படியே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

அவளுக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான். தெருச்சாக்கடை அடிவாரத்துக்குத்தான் ஓடுகிறது. ஏரியை மூடி எத்தனை வருஷம் ஆனாலும், தண்ணீர் இன்னமும் ஏரி இருப்பதாகவே நினைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்துக்கே போகும். அவள் ஓடிப்போய் முதல் லாரியின் அடியில் புகுந்து வால்வைத் திருகினாள். கைக்கு வரவில்லை. கீழே கிடந்த ஒரு தடியைச் செருகி நெம்பினாள். குபுக்கென்று ரத்தம் அவள் மார்பில் அறைந்தது. ஜில்லென்றிருந்தது. வாயில், மூக்கில், கண்ணில் எங்கும் ரத்தம். துப்பிக்கொண்டே அடுத்த லாரிக்கு ஓடினாள். நான்கு லாரி மாட்டு ரத்தமும் தெருவை நனைத்து, சாக்கடையில் இறங்கி, விழுந்துகிடந்தவர்களைச் சுற்றிக்கொண்டு அடிவாரத்துக்குப் போயிற்று. அங்கே சாக்கடை முடிகிற இடத்தில் சுடப்பட்டவர்கள் நான்கு பேர் கிடந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஆராவமுதன் கிடந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. உறுமல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. மலை இறங்கவில்லை.

காலனி பிழைத்தது. மடைவீரன் தாங்கிக்கொண்டான் என்றார்கள் ஊர்க்காரர்கள். நான்கு லாரி ரத்தம் தாங்கிக்கொண்டது என்றது நிர்வாகம். தில்லைக்கரசிக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். அதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

வேதவல்லிக்கு அவள் அடிபட்ட தெருமுனையில் ஒரு கல் நட்டார்கள். சுடப்பட்டுச் செத்த நான்கு பேருக்கு அடிவாரத்தில், ரத்தம் விழுந்த இடங்களில், நான்கு கல். ஆராவமுதனின் உடலை ஆம்புலன்சில் அவருடைய சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவருக்குக் கல் நட யாரும் இல்லை.

அவருக்குப் பதிலாகக் கௌசிகன் வந்தார். வயது குறைவு, பேச்சு மெது. வந்த கொஞ்ச நாளிலேயே அடிவாரத்தின் படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு தில்லைக்கரசியைக் கூப்பிட்டார்.

"மேடம், இங்க எல்லாமே வெளிர்பச்சை. ஆனா இந்த அஞ்சு புள்ளி மட்டும் கருங்கல்லு மாதிரி இருக்கே. என்ன அது?"

அவள் அதை ஏற்கெனவே பார்த்திருந்தாள். முதலில் பார்த்தபோது, நான்கு கல் நட்ட இடங்கள், குழி தோண்டி மண்ணை இடித்ததால் கெட்டிப்பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் புள்ளி நான்கு அல்ல, ஐந்து. ஐந்தாவது இடத்தில் கல் இல்லை, பூ இல்லை, கற்பூரம் இல்லை. ஆராவமுதன் தலை உடைந்து கிடந்த இடம் அது. அங்கேயிருந்து மண்ணை எடுத்து வந்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. லாரியில் வரும் ரத்தம் குளிரவைத்தது, உறையாமலிருக்க மருந்து கலந்தது. பூச்சி அதைச் சாவகாசமாக மறுநாள்தான் தொட்டிருந்தது. மழை கொட்டிய அந்த நேரத்தில், பசி முற்றிக் கிடந்த பூச்சி பாய்ந்து தின்றது சூடான ரத்தத்தை. மாடா மனிதனா, சுட்டவன் பக்கமா செத்தவன் பக்கமா, தொழிலாளியா அதிகாரியா என்று அதற்கு என்ன தெரியும்? ஐந்து பேர் சிந்திய இடத்தில் ஐந்து முளை இறங்கியிருந்தது. அந்த ஐந்து முளையில்தான் மலை நின்றது.

"தெரியல சார்" என்றாள்.

"தெரிஞ்சுக்கணும் மேடம்." கௌசிகன் புன்னகை செய்தார். "இவ்ளோ சின்ன அளவுல இவ்ளோ பலம்னா, லாரிச் செலவே மிச்சம்."

படத்தின் மூலையில், அந்தப் புள்ளிகள் முதன்முதலில் தோன்றிய தேதியையும் நேரத்தையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கிச் சூடு எந்தத் தேதியில் நடந்தது என்பது ஊரறிந்த விஷயம்.

அன்று சாயங்காலமே அவள் காலனிக்குப் போனாள். தனகோட்டி கற்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். முதுகை நிமிர்த்த முடியாமல் கோணியே நடந்தான். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வந்தாள். ஆனால், உன் சனங்கள் செத்ததால்தான் நீ உயிரோடு இருக்கிறாய் என்று எந்தத் தங்கை அண்ணனிடம் சொல்வாள்?

"அண்ணா, இந்த எடத்த வுட்டுப் போயிடுங்க. நான் எடம் பாத்துத் தரன். தின்னு கொழுத்த பூச்சி இது, பத்து மடங்கு பெருகியிருக்கு. அடுத்த தடவ பத்து மடங்கு பசிக்கும்."

"எங்க போறது தில்ல?" ஆத்திரமெல்லாம் அவனிடமிருந்து வடிந்துபோயிருந்தது. "வேதா இங்க இருக்கா. மடைவீரன் மாதிரி நாலு பேரு தாங்கிக்கினு நிக்கிறாங்க. அவங்கள வுட்டுட்டு நாங்க மட்டும் எழுந்து போனா அது மனுசன் செய்யற வேலயா? லாரி வரட்டும், போவட்டும். இனிமே ஒருத்தனும் மறிக்க மாட்டான். நான் பொறுப்பு."

சொன்னபடியே செய்தான். அதற்குப் பிறகு ரத்த லாரி வந்தால் காலனிச் சனம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டது. தெருவில் கிடக்கும் சைக்கிளைக்கூட எடுத்து ஓரம் வைத்தார்கள்.

மறுவருஷ ஐப்பசி வந்தது. கடலில் புயல் சின்னம் உருவானது. அந்த வாரம் லாரிகள் வரவில்லை. அடிவாரத்தில் ஐந்து புள்ளிகளும் கருப்பாகவே இருந்தன. அவற்றைச் சுற்றி எல்லாம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

"லாரி ஏன் சார் நிக்கிது?" தில்லைக்கரசி கௌசிகனின் அறைக்குள் நுழைந்து கேட்டாள்.

"டெண்டர்ல ஒரு சின்னச் சிக்கல் மேடம். சரியாயிடும்." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஜனங்க பதட்டப்படுவாங்கன்னு பந்தோபஸ்து மட்டும் கேட்டிருக்கோம். போன வருஷம் மாதிரி ஆயிடக் கூடாதில்ல?"

அவள் திரையிலிருந்த ஐந்து கரும்புள்ளிகளையும் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த போன் அடித்தது. அண்ணன்.

"தில்ல, லாரி ஏம்மா வரல? மலை பழயபடி உறுமுது. இங்க போலீஸ் வண்டி மட்டும் வரிசையா வந்து நிக்கிது."

"அண்ணா, யாரும் கல்லக் கையில எடுக்காதீங்க. யாரும் தெருவுக்கு வராதீங்க. அடிவாரத்துக்கிட்ட போவாதீங்க, எல்லாரும் பின்பக்கமா ஓடுங்க, சொன்னாக் கேளுங்க அண்ணா..."

"என்னாத்துக்கு ஓடணும்? நாங்க ஒண்ணும் தப்புப் பண்ணலியே." போனில் அவன் குரலுக்குப் பின்னால் பெரிய கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. "லாரிய வுடுங்கன்னு கேக்கத்தான் புள்ளகுட்டியோட எல்லாரும் அடிவாரத்துல வந்து நிக்கிறோம்."

தில்லைக்கரசி நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். கௌசிகன் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, திரையை நன்றாகத் தெரியும்படி தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.